மூவர்ண இட்லியும் முப்பது விநாடி தேசபக்தியும்

சென்னை விளம்பரக் கம்பெனிகளில் ஆடி பிறந்தால் இரண்டு வேலைகள் சேர்ந்து வரும். ஒன்று, தி.நகர் ஜவுளிக்கடைகளின் தள்ளுபடி. இன்னொன்று, பம்பாயிலிருந்து வரும் தேசபக்தி. முதலாவதில் என்ன விற்கிறார்கள் என்பதில் குழப்பமே இருக்காது. புடவை, பாதி விலை, ஆடி முடிவதற்குள் வாங்க. இரண்டாவதில் கடைசி ஐந்து விநாடி வரை எதுவும் தெரியாது. கோதுமை வயல் அசையும். ராணுவ வீரர் ஒருவர் ரயிலிலிருந்து இறங்குவார். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள். பள்ளிக்கூடப் பையன் மழையில் நனைந்துகொண்டே சல்யூட் அடிப்பான். பின்னணியில் சாரங்கி அழும். எல்லாம் ஓடி முடிந்தபின் திரையில் ஒரு சிமெண்ட் மூட்டை வந்து நிற்கும்.

நான் தமிழ் காப்பிரைட்டர். இந்தத் தொழிலில் என் வயதுக்காரர்கள் எல்லோருமே ஏதோ ஒரு காலத்தில் 'லேங்க்வேஜ்' மேசையில் உட்கார்ந்து தேய்ந்தவர்கள்தான். பம்பாயில் இந்தியில் யோசித்து, படம் எடுத்து, எடிட் செய்து, க்ளையண்ட் கைதட்டி எல்லாம் முடிந்த பிறகு படம் எங்களிடம் வரும். தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம் நான்குக்கும் நாளைக் காலைக்குள் வேண்டும் என்பார்கள். படத்தில் கைவைக்க முடியாது. ஜவானின் உதடு எத்தனை முறை அசைகிறதோ அதற்குள் தமிழ் அடங்க வேண்டும். தேசபக்திப் படங்களில் ஒரு சௌகரியம், யாரும் அதிகம் பேச மாட்டார்கள். எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். வாய்ஸ் ஓவர் மட்டும் நிறுத்தி நிதானமாக, கனமாகப் பேசும். அந்தக் குரலுக்கென்றே கோடம்பாக்கம், வடபழனி பக்கம் சில பேர் இருந்தார்கள். காலையில் பனியன் விளம்பரத்துக்குத் துள்ளிக்குதித்துப் பேசிவிட்டு, மதியச் சாப்பாடு முடித்து வந்து பாரத மாதாவுக்காக நா தழுதழுப்பார்கள். "சார், எவ்வளவு தழுதழுக்கணும்? வழக்கமா, இல்ல சிமெண்டுக்குப் பண்ணின அளவா?" என்று கேட்ட ஒரு குரல் கலைஞர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

'நேஷனல்' படம் என்றால் அதில் ஒரு 'சவுத் ஷாட்' இருந்தாக வேண்டும். முழுசாக ஒரு விநாடிகூட வராது. பெரும்பாலும் கதகளி. அந்த ஒரு கண் உருட்டலோடு கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் நான்கின் கடனும் தீர்ந்துவிடும். 2000 ஜனவரி 1 அன்று கன்னியாகுமரியில் 133 அடி உயர வள்ளுவர் சிலையைத் திறந்த பிறகுதான் எங்களுக்குக் கொஞ்சம் பேரம் பேச வாய் வந்தது. கதகளியை எடுத்துவிட்டு வள்ளுவரைப் போடுங்கள் என்று கேட்க ஆரம்பித்தோம். சில படங்களில் போட்டார்கள். அவரும் ஒரு விநாடி நின்றுவிட்டுப் போனார்.

ஒருமுறை வயலை மாற்றச் சொல்லிப் பார்த்தேன். பம்பாய் ஆபீஸிலிருந்து வந்திருந்தவர் தமிழ்க்காரர்தான், வடக்கே வளர்ந்தவர்.

"சார், நம்ம ஊர்ல கோதுமை ஏது? தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு நெல் வயல் எடுத்து ஒட்டிக்கலாமா?"

"நெல்லுன்னா பச்சையா இருக்குமே. கோதுமைதான் பொன்னிறம். அந்த கோல்டன் லைட்லதான் பேட்ரியாட்டிக் ஃபீல் வரும்."

"நெல்லும் விளைஞ்சா பொன்னிறம்தான் சார்."

"ஆகஸ்ட்ல விளைஞ்சு நிக்குமா?"

வடக்கே கோதுமையை ஏப்ரலிலேயே அறுத்துக் களஞ்சியத்தில் போட்டுவிடுவார்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடுத்த படமும் அவரிடமிருந்துதான் வரவேண்டும். சும்மா இருந்துவிட்டேன்.

தொலைக்காட்சிக்கும் ஆகஸ்ட் 15க்கும் உறவு பழையது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியதே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான். தூர்தர்ஷனில் விளம்பரங்களுக்குக் கதவு திறந்தது 1976 ஜனவரி 1. வண்ணம் வந்தது 1982 ஆகஸ்ட் 15. மூவர்ணக் கொடியை மூன்று வண்ணத்திலும் நம் வீட்டுக் கூடத்தில் பார்க்க முடிந்தது அன்றைக்குத்தான். அதுவரை அது மேலும் கீழும் சாம்பலும் நடுவில் வெள்ளையுமாகப் பறந்துகொண்டிருந்தது. 1988 ஆகஸ்ட் 15 அன்று, பிரதமரின் செங்கோட்டை உரை முடிந்த கையோடு 'மிலே சுர் மேரா துமாரா' வந்தது. விளம்பர உலகத்து ஆட்களின் கைவண்ணம் அது. சுரேஷ் மல்லிக்கின் யோசனை, பியூஷ் பாண்டேயின் வரிகள், தொடங்கி வைக்கும் குரல் பீம்சேன் ஜோஷியுடையது. தமிழுக்கு பாலமுரளிகிருஷ்ணா பாட, பக்கத்தில் கமல்ஹாசன் நிற்பார். அந்தப் படம் எதையும் விற்கவில்லை. சோப்பில்லை, சீப்பில்லை, கடைசியில் ஒரு மூட்டையும் வந்து நிற்கவில்லை. எங்கள் ஆட்களின் கண்ணில் பட்டது அதுதான். ஒன்றுமே விற்காத படத்துக்கு நாடே வாய்பிளந்து உட்கார்ந்திருக்கிறது, அந்த இடத்தில் ஒரு பொருளை வைத்தால் எப்படி இருக்கும்?

மறு வருஷமே 'ஹமாரா பஜாஜ்' வந்தது. அலிக் பதம்சீ தலைமையிலிருந்த லின்டாஸ் செய்தது. இன்றைக்கும் நல்ல படம் என்றே சொல்வேன். கொடி இல்லை, சிப்பாய் இல்லை. சாதாரண ஜனங்கள், அவர்களுடைய ஸ்கூட்டர், துடைக்கிறார்கள், பூப்போடுகிறார்கள், குடும்பத்தோடு போகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தப் படம் ஏன் அப்போது வந்தது என்று தொழில்காரனாக யோசித்தால் வேறு கதை தெரியும். 1984இல் நம் ஓசூரிலிருந்தே இண்ட்-சுசூகி வண்டி வெளியே வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஹீரோ ஹோண்டா. ஜப்பான்காரன் எஞ்சின் எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். பஜாஜ் ஸ்கூட்டரையோ காலையில் ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்து, பிறகு நிமிர்த்தி உதைக்க வேண்டும். கிளம்பினால் அது அன்றைய அதிர்ஷ்டம். மைலேஜைப் பற்றிப் பேசினால் ஜப்பான்காரன் ஜெயிப்பான். ஆகவே இந்தியாவைப் பற்றிப் பேசினார்கள். 2009இல் பஜாஜ் ஸ்கூட்டர் தயாரிப்பையே விட்டது. பிறகு அதன் சேத்தக் ஸ்கூட்டர் மின்சார வண்டியாகத்தான் திரும்பி வந்தது.

இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு கணக்கு பிடிபட்டது. பொருளைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்தால் எந்தக் காப்பிரைட்டரும் அதைத்தான் முதலில் சொல்வான். சீக்கிரம் நுரைக்கும், ஒழுகாது, ஐந்து ரூபாய் குறைவு. அதெல்லாம் இல்லாதபோது, அல்லது பக்கத்துக் கம்பெனியிடமும் அதேதான் இருக்கும்போது, பிரீஃபில் ஒரு வரி முளைக்கும்: 'எமோஷனல் கனெக்ட்'. அந்த வரியைப் படித்ததும் அடுத்த வரி என்னவென்று தெரிந்துவிடும். அம்மா, இல்லையென்றால் நாடு. இரண்டுக்கும் யாரும் மறுப்புச் சொல்ல முடியாது. இந்தியாவில் இரண்டையும் ஒரே ஷாட்டில் வைத்துவிடலாம் என்பது கூடுதல் வசதி.

தேசபக்தியைக் காட்டி விற்பது கேவலம் என்று நான் சொல்லவரவில்லை. அதற்குப் பெரிய பாரம்பரியமே இருக்கிறது. 1906இல் வ.உ.சி. தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாரதியார் தம் 'இந்தியா' பத்திரிகையில் அதற்காக எழுதினார். அது அசல் தேசபக்தி விளம்பரம். ஏனென்றால் அங்கே சுதேசி என்பதுதான் சரக்கே. கப்பல் நம்முடையது, லாபம் நம்முடையது, டிக்கெட் எடுப்பதே அரசியல். எதிர்க்கம்பெனிக்காரன் என்ன செய்தான்? கட்டணத்தைக் குறைத்தான், குறைத்தான், கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லி, ஏறுகிறவருக்கு ஒரு குடையும் கொடுத்தான் என்று சொல்வார்கள். தமிழ்நாட்டின் முதல் 'ஃப்ரீ கிஃப்ட்' அந்தக் குடையாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் ஊகம். குடைக்கும் கொடிக்கும் நடந்த அந்தச் சண்டையில் எது ஜெயித்தது என்பது ஊருக்கே தெரியும். வ.உ.சி. செக்கிழுக்கப் போனார். கம்பெனி நொடித்தது. எங்கள் மார்க்கெட்டிங் ஆட்கள் அந்தப் பாடத்தை ஒருநாளும் மறக்கவில்லை. ஆகவேதான் இன்றைய சுதந்திர தின விளம்பரத்தில் முதல் இருபத்தைந்து விநாடி கொடி, கடைசி ஐந்து விநாடி குடை.

கொடி என்று சொன்னேன். உண்மையில் கொடியைக் காட்ட முடியாது, அதில்தான் எங்கள் சாமர்த்தியமெல்லாம் இருக்கிறது. 2002இல் வந்த கொடிச் சட்டத்தொகுப்பு, தேசியக் கொடியை எந்த வடிவத்திலும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. மெத்தை உறை, கைக்குட்டை எதிலும் அச்சடிக்கக்கூடாது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளோ தேசியச் சின்னத்தையும் அரசியல் சாசனத்தையும் தேசத் தலைவர்களையும் விளம்பரத்துக்கு இழுக்கக்கூடாது என்கின்றன. 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் வேறு இருக்கிறது. பிரதமர் படத்தை விளம்பரத்தில் போட்டு 2016இல் பெரிய சர்ச்சையானபோதுதான் நிறையப் பேருக்குத் தெரிந்தது, அந்தச் சட்டத்தில் எழுதியிருந்த அபராதம் 500 ரூபாய் என்று. ஒரு முழுப்பக்க விளம்பரத்துக்கு ஆகும் செலவில் அது டீக்காசுகூட இல்லை.

ஆகவே கொடி வேண்டும், ஆனால் கொடி இருக்கக்கூடாது. இந்தச் சிக்கலை நாங்கள் காலம்காலமாக மூன்று நிறத்தால் தீர்த்துவந்திருக்கிறோம். மொட்டைமாடிக் கயிற்றில் காயும் காவிப் புடவை, வெள்ளை வேட்டி, பச்சைத் தாவணி. ஆரஞ்சு ஜூஸ், பால், கீரை. ஸ்கூல் வேன் ஜன்னலில் மூன்று பலூன். கொடி எங்கேயும் இல்லை, ஆனால் எல்லா இடத்திலும் இருக்கும்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மிக்ஸி க்ளையண்ட். அவருடைய மிக்ஸியில் மூன்று ஜார். எல்லாருடைய மிக்ஸியிலும் மூன்று ஜார்தான். ஆனால் இவருக்கு ஒரு ஆகஸ்ட்டில் திடீரென்று ஞானம் பிறந்துவிட்டது. "மூணு ஜாருங்க, மூணு கலருங்க. காரட் ஒண்ணு, தேங்காய் ஒண்ணு, கொத்தமல்லி ஒண்ணு. மூணையும் மாவுல கலந்து இட்லி ஊத்தி வரிசையா வெச்சா, என்னங்க அது?" என்று கேட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். என்ன அது என்று சொல்லும் தைரியம் எங்களில் யாருக்கும் வரவில்லை. நடுவில் வெள்ளை இட்லிமேல் அசோக சக்கரம் வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். மிக்ஸி பிளேடு மேலிருந்து பார்த்தால் சக்கரம் மாதிரி சுற்றுமே, அதை அப்படியே இட்லிமேல் மிக்ஸ் பண்ணிவிடலாம் என்றார். பிளேடில் நாலு இறக்கை, சக்கரத்தில் 24 ஆரம் என்று ஆர்ட் டைரக்டர் மெதுவாகச் சொன்னான். "வேகமா சுத்துனா யாருங்க எண்ணப் போறாங்க?" வக்கீலைக் கேட்டோம். நீல நிறத்தில் எதையும் வைக்காதீர்கள், மற்றது உங்கள் சமர்த்து என்றார்.

ஷூட்டிங் வளசரவாக்கத்தில் ஒரு ஃப்ளோர். காரட் இட்லி கெட்டிக்காரி, வைத்த இடத்தில் அப்படியே இருந்தாள். கொத்தமல்லி இட்லிதான் கழுத்தை அறுத்தது. லைட் சூட்டில் கொஞ்ச நேரத்துக்கெல்லாம் பச்சை பழுப்பாகி, பார்க்க ஏதோ பழைய ராணுவச் சீருடை மாதிரி ஆகிவிடும். ஃபுட் ஸ்டைலிஸ்ட் அம்மா ஈடு ஈடாக அவித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கொத்தமல்லியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சாயப் பச்சையைக் கலந்தார்கள். க்ளையண்ட் நெகிழ்ந்துபோய் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மேலே லைட் பரணில் உட்கார்ந்திருந்த லைட்மேன் ஒருவர், "சார், கொடி தலைகீழா இருக்கு" என்றார்.

ஃப்ளோரே அடங்கிப்போனது. கேமரா தட்டுக்கு எதிர்ப்பக்கம் வைத்திருந்ததால் ஃபிரேமில் பச்சை மேலே, காவி கீழே. அவ்வளவு நேரமும் "அது கொடியே இல்லை, வெறும் இட்லி" என்று வக்கீல் பாஷையில் பேசிக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் ஓடிப்போய்த் தட்டைத் திருப்பினோம்.

பேக்கப் ஆனதும் இன்னொரு சிக்கல். சாயம் கலந்த இட்லியை யாரும் தின்ன முடியாது. குப்பைத்தொட்டியில் போடப்போன ஆர்ட் அசிஸ்டெண்ட் பையன் கை நடுங்கி நின்றுவிட்டான். செல்போனில் யாராவது படம் எடுத்து, மூவர்ணம் குப்பையில் என்று போட்டால் என்ன ஆவது? சேதமான கொடியைத் தனிமையில், கண்ணியமாக, எரித்து அழிப்பது நல்லது என்று கொடிச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. இட்லியை என்ன செய்வதென்று அதில் இல்லை. புரொடக்‌ஷன் மேனேஜர்தான் அனுபவஸ்தர். "தனித்தனி கவர்ல போடுங்கப்பா. காவி ஒரு கவர், வெள்ளை ஒரு கவர், பச்சை ஒரு கவர். மூணும் ஒண்ணா இருந்தாதானே பிரச்சனை?" என்றார். அப்படியே செய்தோம். அந்த வாசகத்தின் முழு அரசியல் அர்த்தமும் வீட்டுக்குப் போகும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

இதையெல்லாம் பார்த்தவன் கேலி எழுதாமல் எப்படி இருப்பான்? ஒரு பி.வி.சி. குழாய்க் கம்பெனிக்கு ஆபீஸ் தமாஷாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். தொண்ணூறு வயதுத் தியாகி. கதர்ச் சட்டை, கைத்தடி. பேரன் புதுவீட்டுக் குழாயைத் திறக்கிறான். தண்ணீர் கொட்டுகிறது. தாத்தா நடுங்கும் கையை அதில் நனைக்கிறார். ஃப்ளாஷ்பேக்கில் உப்புச் சத்தியாகிரகம், வெள்ளைக்காரப் போலீஸ், தடியடி. மறுபடி தாத்தா முகம். "இதுக்காகத்தாம்ப்பா அன்னிக்கு அடி வாங்கினோம்" என்கிறார். வயலின். குழாய். காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை ஒரே குழாய். படித்துச் சிரித்துவிட்டுத் தூக்கிப்போட வேண்டியது, மற்ற தாள்களோடு சேர்ந்து மீட்டிங்குக்குப் போய்விட்டது. க்ளையண்ட் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தாத்தா அழற இடம் பிரமாதம் சார். கதர் மட்டும் இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருக்கட்டும்" என்றார். அரைமணி நேரம் தாத்தாவைப் பற்றி விவாதம் நடந்தது. அந்தக் குழாய் ஒழுகுமா, ஒழுகாதா என்று அந்த அறையில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. படம் எடுக்கவில்லை, பட்ஜெட் இடித்தது. எடுத்திருந்தால் ஏதாவது ஒரு விருதுக்கும் போயிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்குக் கேலி வராதா என்ன? 'லொள்ளு சபா' விட்டுவைத்த படமில்லை, நடிகரில்லை. சுதந்திர தினச் சிறப்பு நிகழ்ச்சிகளையே நாம் வீட்டில் உட்கார்ந்து கேலி செய்துகொண்டுதான் பார்க்கிறோம். நடிகையின் பேட்டி, பட்டிமன்றம், 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' ஒரு படம். மீடியா ஆட்களுக்கு அந்த நாள் பிடிப்பதற்குக் காரணம் ரொம்ப லௌகீகமானது, லீவு நாள், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். ஆனால் விளம்பரத்துக்குள் அந்தக் கேலி நுழையாது. பணம் போடுகிறவர் பயப்படுவார்.

வெளிநாட்டில் சில பேர் துணிந்திருக்கிறார்கள். 2000இல் கனடாவில் மோல்சன் பீருக்கு ஒரு படம். சட்டை போட்ட சாதாரண ஆள் ஒருவன் மேடையில் மைக் முன்னால் நிற்கிறான். கூச்சத்தோடு ஆரம்பிக்கிறான். நான் மரம் வெட்டுகிறவனில்லை, பனிவீட்டில் குடியிருப்பவனில்லை என்று அமெரிக்கர்கள் கனடாக்காரனைப் பற்றி நினைக்கிற அசட்டுத்தனங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் தொண்டை கிழியக் கத்துகிறான். பின்னால் திரையில் கொடி, தேசச் சின்னம் எல்லாம் ஓடும். தேசபக்திப் பேச்சையே கிண்டல் செய்யும் தேசபக்திப் பேச்சு. நாடே அதை மனப்பாடம் செய்தது. ஐந்து வருஷத்தில், 2005இல், மோல்சன் அமெரிக்கக் கூர்ஸ் கம்பெனியோடு இணைந்தது. இதைவிடப் பெரிய நையாண்டியை எந்தக் காப்பிரைட்டராலும் எழுத முடியாது. அமெரிக்காவிலோ பட்வைசர் பீர் 2016 கோடையில் தன் கேனில் பெயரை எடுத்துவிட்டு 'அமெரிக்கா' என்றே அச்சடித்துக்கொண்டது. அதற்கு எட்டு வருஷம் முன்பே அந்தக் கம்பெனியைப் பெல்ஜியத்திலிருந்து நடத்தப்படும் நிறுவனம் வாங்கியிருந்தது. இதை அவர்கள் தமாஷாகச் செய்யவில்லை என்பதுதான் தமாஷ்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆஸ்திரேலிய ஆட்டுக்கறி. 2005 முதல் பல வருஷம் அவர்களுடைய தேசிய தினத்தையொட்டி, ஓய்வுபெற்ற கால்பந்து வீரர் சாம் கெக்கோவிச் கோட்டு சூட்டில் உட்கார்ந்து, தலைவர் நாட்டுக்கு உரையாற்றுவதுபோல் முகத்தைத் துளியும் அசைக்காமல் பேசுவார். நாடு கெட்டுப்போச்சு என்று ஊரையே திட்டித் தீர்ப்பார். எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், ஜனங்கள் ஆட்டுக்கறி சாப்பிடாமல் போனது. சாப்பிடாதவன் தேசத்துரோகி. அந்த ஊர் அரசியல்வாதிகள் யார் யாரைத் தேசத்துரோகி என்று சொல்லிக்கொண்டிருந்தார்களோ, அந்தப் பேச்சையே எடுத்து ஆட்டுத்தொடையின்மேல் வைத்துவிட்டார்கள். கறியும் விற்றது. நம் ஊரில் அதை அப்படியே எடுக்க முடியாது. ஆட்டுக்கறி, தேசத்துரோகி என்ற இரண்டு சொற்களையும் ஒரே ஸ்கிரிப்டில் பார்த்தால் எந்த க்ளையண்டும் மேஜைக்கடியில் போய்விடுவார்.

நம் விளம்பரத்துக்குக் கேலி வந்தது கிரிக்கெட் வழியாகத்தான். 2015 உலகக் கோப்பைக்கு ஸ்டார் ஸ்போர்ட்ஸ் எடுத்த 'மௌக்கா மௌக்கா'. உலகக் கோப்பையில் இந்தியாவைப் பாகிஸ்தான் ஜெயித்தால் கொளுத்தலாம் என்று 1992இலிருந்து பட்டாசுப் பெட்டியோடு காத்திருக்கும் பாகிஸ்தான் ரசிகன். பையன் வாலிபனாகி, குடும்பஸ்தனாகியும் பெட்டி பிரிக்கப்படவில்லை. நல்ல படம் என்பதற்கு அடையாளம், அதில் நம் ஆள் ஒருவன்கூட இல்லை. நம்மைச் சிரிக்கவைத்தவன் அந்தப் பக்கத்துக்காரன். அவன்மேல் பரிதாபம்தான் வரும், வெறுப்பு வராது. பிப்ரவரி 15 அன்று அடிலெய்டில் இந்தியா 76 ரன்னில் ஜெயித்தது. அத்தோடு விட்டிருக்க வேண்டும். விடவில்லை. ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு மௌக்கா என்று நீட்டினார்கள். கேலி மெள்ள எகத்தாளமானது. 2021 டி20 உலகக் கோப்பைக்கும் அதையே தூசிதட்டி எடுத்தார்கள். அக்டோபர் 24, துபாய். பாகிஸ்தான் பத்து விக்கெட்டில் ஜெயித்தது. பட்டாசுக்காரனை வைத்து அன்றிரவு அந்தப் பக்கத்திலிருந்து வந்த மீம்கள் எங்கள் காப்பியைவிட நன்றாக இருந்தன.

நடுவில் 2019 இருக்கிறது. அந்த ஜூன் 16 தந்தையர் தினமாக அமைந்துவிட்டது. மான்செஸ்டரில் இந்தியா பாகிஸ்தான் ஆட்டமும் அன்றைக்கே. இங்கே ஒரு படம், யார் யாருக்கு அப்பன் என்று. அங்கே ஜாஸ் டிவி என்ற சேனல் ஒரு படம் எடுத்தது. விங் கமாண்டர் அபிநந்தன் மாதிரி மீசை வைத்த ஒருவர், நீலச் சட்டை, கையில் டீ கப். டாஸ் ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை என்கிறார். எழுந்து போகும்போது கப்பை வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள். ஒரு தொழில்காரனாகச் சொன்னால் முடிவில் அந்தக் கப் கச்சிதமான எழுத்து. ஆனால் நான் இருக்கும் ஊரில் அந்த மீசைக்குச் சொந்தக்காரர் வெறும் டிவி முகமில்லை. சென்னைக் குடும்பம். அவருடைய அப்பா ஏர் மார்ஷல் வர்த்தமான், மணிரத்னத்தின் 'காற்று வெளியிடை' படத்துக்கு விமானப்படை விஷயங்களில் ஆலோசனை சொன்னவர். அபிநந்தன் பிப்ரவரி 27 அன்று பாகிஸ்தானிடம் பிடிபட்டு மார்ச் 1 அன்று திரும்பி வரும்வரை எங்கள் ஆபீஸில் யாரும் டிவியை அணைக்கவில்லை. அவர் வந்ததும் எங்கள் தெரு சலூன்காரர் அந்த மீசையை வெட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். கைதியாக இருந்தவர் அந்த நிலையில் பேசிய பேச்சை எடுத்து விளம்பரமாக்குவதற்குப் பெயர் நையாண்டி இல்லை. இரண்டு நாட்டு விளம்பரங்களையும் சேர்த்து சானியா மிர்சா ட்விட்டரில் சாடினார். சரியாகத்தான் சாடினார்.

கனடாக்காரன் தன்னைப் பார்த்துச் சிரித்தான், ஆஸ்திரேலியாக்காரன் தன் தலைவர்களைப் பார்த்துச் சிரித்தான். நாம் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்துச் சிரிப்பதையே நையாண்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்கு எந்தத் துணிச்சலும் வேண்டாம். க்ளையண்ட் உடனே கையெழுத்துப் போடுவார்.

கேலியை விட்டு உருக்கத்துக்கே திரும்பினால், 1999இல், கார்கில் போர் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு க்ளையண்ட் பாக்கெட்டுக்கு இத்தனை காசு ஜவான்கள் நிதிக்கு என்று அறிவித்தார். நல்ல காரியம். அதைச் சொல்லும் படத்துக்கும் ஸ்பாட்டுக்கும் ஆன செலவை எங்கள் மீடியா ஆள் காகிதத்தில் கூட்டிப்பார்த்தான். நிதிக்குப் போகக்கூடியதைவிட அதிகமாக வந்தது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "படம் நல்லா இருக்கு சார்" என்றான்.

இந்த ஆகஸ்ட்டிலும் படங்கள் வரும். இப்போது கொடியே பாலியெஸ்டரில் வரலாம் என்று 2021 டிசம்பரில் விதியைத் திருத்திவிட்டதால், கதரையும் தாத்தாவையும் தேடும் சிரமம்கூட எங்களுக்குக் குறைந்துவிட்டது. நீங்கள் அழுவதாக இருந்தால் அழுங்கள். அழவைக்கத்தான் எங்களுக்குச் சம்பளம். அழுது முடித்ததும் ஒன்று செய்யுங்கள். அந்த முப்பது விநாடியில் பொருளைப் பற்றி ஏதாவது ஒரு தகவல் சொன்னார்களா என்று யோசித்துப் பாருங்கள். சொல்லியிருந்தால் சரி. ஒன்றுமே சொல்லவில்லை என்றால், கடையில் அந்தப் பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் திருப்பி விலையையும் எடையையும் பாருங்கள். போன வருஷம் எத்தனை கிராம் இருந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.